குடிபோனவர் ஏன் நடைபாதைக்குத் திரும்புகிறார்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட சிறிய தன்னார்வக் குழு. எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள். நடைபாதையிலும் இரவுத் தங்குமிடத்திலும் இருப்பவர்களுக்கு வாடகைக்கு அறை பிடித்துக் கொடுக்கிறோம். போன ஆண்டு 11 பேரைக் குடியமர்த்தினோம். அவர்களில் 5 பேர் நான்கு மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வாடகை பாக்கி. இரண்டு பேரை, கண்டவர்களும் வந்து தங்குகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். ஒருவர் மருத்துவமனையில் கிடந்து திரும்புவதற்குள் அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது. இன்னொருவர் சாவியை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டார். இனிமேல் குடிப்பழக்கத்தை விட்டவர்களுக்கு மட்டும், அதுவும் தங்குமிடத்தில் ஆறு மாதம் ஒழுங்காக இருந்து காட்டியவர்களுக்கு மட்டும் வீடு என்று விதி வைக்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். வைக்கலாமா?

பதில்: ஐந்து பேர் வெளியே வந்த காரணத்தை நீங்களே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதில் குடி எங்கேயும் இல்லை. வாடகை பாக்கிக்குப் பின்னால் குடி இருந்திருக்கலாம். இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. மற்ற நால்வரும் அந்த விதியைத் தாண்டி வந்திருந்தாலும் இதே காரணத்தால்தான் வெளியே வந்திருப்பார்கள். ஆறு மாதம் தங்குமிடத்தில் ஒழுங்காக இருந்தவருக்கு நோய் வராதா? பழைய கூட்டாளி வந்து கதவைத் தட்டமாட்டாரா? ஆகவே வைக்க வேண்டாம்.

இன்னொரு காரணம், உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் வீட்டு ஆசையில் ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து, உடம்பு நடுங்கி, உயிரே போகிற நிலைக்கும் போகலாம். நிறுத்துவது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம். உங்கள் விதியோ அதை யாருக்கும் தெரியாமல், தனியாகச் செய்யத் தூண்டும்.

இந்த விவாதம் உங்கள் குழுவில் முதல்முறை நடப்பதல்ல. முதலில் தங்குமிடம், பிறகு சிகிச்சை, பிறகு இடைக்கால விடுதி, எல்லாம் தேறினால் கடைசியில் வீடு என்ற படிக்கட்டு முறைதான் பல நாடுகளில் நீண்ட காலம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய பாத்வேஸ் டு ஹவுசிங் என்ற அமைப்பு இதைத் தலைகீழாக்கியது: முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குள் இருந்துகொண்டு. அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு: வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்க வேண்டும், பணியாளர் வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அவர்கள் ஆட்களில் 88 சதவீதம் பேர் வீட்டில் இருந்தார்கள்; அதே நகரத்தின் படிக்கட்டு முறையில் 47 சதவீதம். பிறகு கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயும் வீடின்மையும் சேர்ந்திருந்த சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதம் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள், முதலில் வீடு கிடைத்த பிரிவில் 62 சதவீதம், வழக்கமான உதவி கிடைத்த பிரிவில் 31 சதவீதம்.

உங்கள் குழுவில் விதி வேண்டும் என்பவர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கனடா ஆய்வில் குடியும் போதையும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தன. வீடு கொடுத்தால் குடி தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடிக்கு வைத்தியம் தனி, வீடு தனி. ஒன்றை இன்னொன்றுக்குப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காமல் இருந்தால் போதும்.

சரி, அந்த ஐந்து பேருக்கு வருவோம். வாடகை பாக்கியில் தொடங்குகிறேன், அதுதான் எளிது.

பாக்கி என்றதும் முதலில் தேதியைப் பாருங்கள். உதவித்தொகையோ கூலியோ மாதம் 10-ஆம் தேதி கைக்கு வருகிறது, வாடகை 1-ஆம் தேதி என்றால், அவர் மாதம் தவறாமல் ஒன்பது நாள் கடனாளி. ஒப்பந்தம் எழுதும்போதே வாடகைத் தேதியை வருமானம் வரும் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் போடச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அடுத்து விகிதம். வருமானம் 100 என்றால் வாடகையும் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து 30-க்குள் நிற்பது நல்லது. 40 என்றால் நெருக்கடி. 50-ஐத் தாண்டினால் அந்த அறையைப் பிடிக்கவே வேண்டாம். இருவர் சேர்ந்து எடுக்கும் வீடு பாருங்கள், இல்லையென்றால் மீதியைக் குழு எத்தனை மாதம் தரும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். அட்வான்ஸைக் கடனாக அவர் தலையில் கட்டாதீர்கள். முதல் மாதமே கடனோடு தொடங்குகிறவர் ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்கமாட்டார்.

தேதி தாண்டிய மறுநாளே போய்ப் பாருங்கள், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டிய வரிசை: பணம் வந்ததா, வந்த பணம் யார் கையில் போனது, எதற்குச் செலவானது. பலரும் மூன்றாவதில் ஆரம்பித்து, குற்றவாளியை விசாரிப்பது போல ஆகிவிடுகிறது. உண்மையில் ஏதோ ஒரு சான்று புதுப்பிக்கப்படாமல் உதவித்தொகை நின்றுபோயிருப்பது சகஜம். வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பார். அதனால் வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை உங்கள் வழக்கமாக்குங்கள். ஒரு மாத பாக்கியை ஆறு மாதத்தில் பிரித்துக் கட்டவைக்க முடியும். மூன்று மாத பாக்கியை மீட்பது அபூர்வம்.

வந்து தங்குகிறவர்கள் விஷயம் சிக்கலானது. நடைபாதையில் பை காணாமல் போகாமல் காவல் இருந்தவர், மழையில் பிளாஸ்டிக் தாளில் பாதி கொடுத்தவர், இன்று வந்து கதவைத் தட்டுகிறார். திறக்காமல் இருப்பது நன்றி கெட்ட செயலாகக் குடியிருப்பவருக்குப் படும். முதல் நாள் ஒருவர், மூன்றாம் நாள் அவரோடு இருவர், இரண்டாம் வாரம் சாவி அவர்கள் கையில். பரிதாபத்தில் நடப்பது ஒரு வகை. திட்டம் போட்டு, தனியாக இருப்பவரின் அறையைக் கைப்பற்றிப் போதைப்பொருள் விற்பனைக்கோ குடிக்கோ பயன்படுத்துவது இன்னொரு வகை. நீங்கள் போகும்போது கதவைப் பாதி திறந்து வாசலிலேயே பேசி அனுப்புகிறார், அறை இருக்கும்போதே அவர் தெருவில் இரவு கழிக்கிறார், பூட்டு மாறியிருக்கிறது, அவர் போனை வேறு யாரோ எடுக்கிறார்கள்: இவை இரண்டாம் வகையின் அடையாளங்கள்.

முதல் வகைக்கு, மறுப்பதற்கு ஒரு சாக்கை அவர் கையில் கொடுங்கள். “ராத்திரி 9 மணிக்கு மேல் வெளியாட்கள் தங்கக் கூடாது” என்று குழுவின் பெயரில் அச்சடித்த தாளை, அவர் சம்மதத்தோடு, கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். “எனக்கு ஆட்சேபம் இல்லை, அவங்கதான் விடமாட்டேங்கிறாங்க” என்று அவர் சொல்லிக்கொள்ளட்டும். கெட்ட பெயர் உங்களுக்கு வரட்டும். கூடவே, நண்பர்களை வெளியே பகலில் சந்திக்கவும் வழி செய்யுங்கள். நட்பையே வெட்டச் சொன்னால் வீட்டைத்தான் வெட்டிவிட்டுப் போவார். இரண்டாம் வகையில் அறிவுரை பயன்படாது. வீட்டுக்காரரிடம் பேசி அன்றைக்கே பூட்டை மாற்றுவது, அதுவும் தாங்காது என்றால் அவரை வேறு அறைக்கு மாற்றிவிடுவது. காவல் துறைக்குப் போவதா என்பதை, உயிருக்கு ஆபத்து இல்லாத வரையில், அவரே முடிவு செய்யட்டும். பின்னால் அடி வாங்கப்போவது அவர்தான். பெண்கள் விஷயத்தில் இதற்கும் முன்னாலேயே கவனம் வேண்டும்: அடித்துத் துன்புறுத்திய ஆளிடமிருந்து தப்பி வந்தவர் என்றால் புது முகவரி குழுவில் இருவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் போனவர் அறையை இழந்தது முழுக்க நம் பக்கத் தவறு. காலவரையோடு ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும்: சிகிச்சைக்காகவோ வேறு கட்டாயத்தாலோ 60 நாள் வரை இல்லாவிட்டாலும், வாடகை வந்துகொண்டிருந்தால், அறை அவருடையது. அந்தக் காலத்து வாடகையைக் குழு தரும் என்று எழுத்தில் கொடுங்கள். அவர் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். அதில் அறை முகவரி, உங்கள் தொலைபேசி எண், “இவருக்கு வீடு இருக்கிறது, அனுப்புவதற்கு முன் அழையுங்கள்” என்ற வாசகம். அந்த அட்டை இல்லாதவரை, வீடில்லாதவர் என்று எழுதி மருத்துவமனையிலிருந்து மறுபடி தங்குமிடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்தான் எனக்கு முக்கியம். அவர் பிரச்சினை எதுவும் செய்யவில்லை. அதனாலேயே உங்கள் கணக்கில் காரணம் தெரியாதவராக நிற்கிறார். நடைபாதையில் ராத்திரி எந்நேரமும் பக்கத்தில் யாராவது விழித்திருப்பார்கள். இருமுவார்கள், பீடி கேட்பார்கள், வண்டி போகும். பத்து ஆண்டு அப்படித் தூங்கியவரை நாலு சுவருக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் அந்த நிசப்தமே அவரை எழுப்பிவிடும். பலர் முதல் வாரங்களில் விளக்கை அணைப்பதில்லை. கட்டில் இருக்கும், கதவோரம் தரையில்தான் படுப்பார்கள், தலைமாட்டில் பையைக் கட்டி வைத்தபடி. சிலர் செருப்பைக் கழற்றுவதில்லை. இதையெல்லாம் திருத்தப் போகாதீர்கள். பையை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். பழைய போர்வை அழுக்காக இருக்கிறது என்று தூக்கிப் போடாதீர்கள். அது அவருடைய உடைமை, நீங்கள் கொடுத்த புதுப் போர்வை இன்னும் அப்படி ஆகவில்லை.

இதற்கு வேலை குடிபோகும் நாளுக்கு முன்பே தொடங்குகிறது. அறையை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்றைப் பார்த்து. பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை அந்த அறையில் அரை மணி நேரம் அவரோடு சும்மா உட்காருங்கள். அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடந்து காட்டுங்கள். குடிபோகும் நாளை வாரத் தொடக்கத்தில், காலையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சாவி கொடுத்துவிட்டுத் திங்கள்கிழமை போய்ப் பார்ப்பது வெகு சாதாரணமாக நடக்கும் தவறு. மூன்று ராத்திரியும் இரண்டு பகலும் ஆளில்லாமல் போய்விடும். முதல் ராத்திரி 9 மணிக்கு ஒரு போன், மறுநாள் காலை நேரில்.

அறையில் அன்றைக்கே இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: படுக்கை, போர்வை, பக்கெட்டும் குவளையும், ஒரு பாத்திரம், தட்டு, சமைக்க ஒற்றை அடுப்பு, சோப்பு, துடைப்பம், கூடுதல் பல்பு, மூன்று நாளுக்கு உணவுப் பொருள், மூன்று சாவி. ஒரு சாவி அவரிடம், ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று உறையிலிட்டு அவர் கையெழுத்தோடு உங்களிடம். சாவி தொலைவது நிச்சயம் நடக்கும். முதல்முறை தொலையும்போது, திட்டு விழும் என்று பயந்து திரும்பி வராமலே போனவர்கள் உண்டு. எரிவாயு என்றால் ரெகுலேட்டரை மூடுவதை அவரே மூன்று தடவை செய்து காட்டட்டும். மெயின் சுவிட்ச் எது, தண்ணீர் வால்வு எது என்று கைவைத்துக் காட்டுங்கள். எண்களைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், போனில் மட்டும் பதிந்து வைக்காதீர்கள். சாவிக்கு முன்னால் போன் தொலையும்.

குடிபோன பிறகு எவ்வளவு நாள் போய்வருவது? ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் மனநோயுள்ள ஆண்களைத் தங்குமிடத்திலிருந்து வீட்டுக்கு மாற்றுவதற்காக உருவான ஒரு முறையின் அளவு அது. மும்மூன்று மாதமாக மூன்று கட்டம். அதை 96 பேரிடம் சோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். 18 மாதத்தில் அந்த உதவி கிடைத்தவர்கள் வீடில்லாமல் கழித்த இரவுகள் சராசரியாக 30, கிடைக்காதவர்களுக்கு 91. முதல் மூன்று மாதம் நெருங்கி நிற்பது: முதல் வாரம் தினமும், பிறகு முதல் மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை என்று உங்கள் அளவுக்கு வகுத்துக்கொள்ளலாம். நடு மூன்று மாதம் விலகி நின்று பார்ப்பது: மருத்துவர், வங்கி, பக்கத்து வீட்டுக்காரர், உறவு இருந்தால் உறவு, இவர்களோடு அவரே பேசட்டும், தடுமாறும் இடத்தில் மட்டும் நீங்கள். கடைசி மூன்று மாதத்தில், நீங்கள் இல்லாதபோது யாரைக் கூப்பிடுவார் என்பதை அவரும் அந்த ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிப்பது. சாவி கொடுத்ததும் கோப்பை மூடுகிற குழுக்களில், இரண்டாவது நான்காவது மாதங்களில் ஆட்கள் கழன்றுகொள்வதைக் காணலாம். உங்கள் ஐவரும் நான்கு மாதத்துக்குள்தான்.

போகும்போது கதவைத் தட்டிக் காத்திருங்கள். அது அவர் வீடு. “உள்ளே வரலாமா” என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் படியில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

உங்கள் குழுவின் கணக்கும் இதில் இடிக்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு முழுநேரப் பணியாளர் ஒருவருக்கு 10 பேர், மிதமான தேவை என்றால் 20 பேர் வரை என்பது இத்துறையில் வழங்கும் அளவு. நீங்கள் ஆறு பேரும் பகுதிநேரம். இருவர் இருவராகப் போனால் மூன்று ஜோடி. ஒரு ஜோடி முதல் மூன்று மாதக் கட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏற்கக் கூடாது. அதாவது எந்த நேரத்திலும் புதிதாகக் குடிபோனவர்கள் 6 பேருக்கு மேல் வேண்டாம். எல்லாருக்கும் இவ்வளவும் தேவையும் இல்லை. வேலை போய், வாடகை கட்ட முடியாமல் இரண்டு மாதமாகத் தெருவில் இருப்பவருக்கு அட்வான்ஸும் மூன்று மாத வாடகையும் கொடுத்தால் அவர் பாட்டுக்கு நிமிர்ந்துவிடுவார்; அவர் வீட்டுக்கு வாரம் இருமுறை போவது தொந்தரவு. மறதி நோய் முற்றியவர், தனியே மருந்து சாப்பிட முடியாதவர் போன்றோருக்குத் தனி அறை பொருந்தாது. இரவும் பகலும் ஆள் இருக்கும் குடியிருப்புதான் வேண்டும். தனியாக இருக்கவே பிடிக்காது என்று சொல்பவரும் உண்டு. அவர் சொல்வதை நம்புங்கள்.

வீட்டுக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக. அவர்களிடம் நோயையும் பழைய கதையையும் குடியிருப்பவர் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். பதிலுக்கு மூன்று உறுதி கொடுங்கள்: அழைத்தால் அன்றைக்கே எடுப்போம், சேதம் வந்தால் குழுவின் நிதியிலிருந்து சரிசெய்வோம், ஆள் போனால் அறையைச் சுத்தமாக ஒப்படைப்போம். குடிபோகும் நாளில் சுவர், குழாய், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஏழாம் நாள், முப்பதாம் நாள் வீட்டுக்காரரை நீங்களாக அழைத்து “ஏதாவது குறை இருக்கா” என்று கேளுங்கள். அவர் உங்களை அழைக்கும் நாளில் கோபம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில் இருக்க வேண்டும். குழுவின் பெயரில் இருந்தால், உங்களோடு அவருக்கு மனஸ்தாபம் வந்த அன்று வீடும் போகும். வேறு வழியே இல்லாமல் குழு எடுத்தால், அவருக்கும் குழுவுக்கும் தனி எழுத்து வேண்டும், காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பது உட்பட.

போதை மருந்து எடுப்பவர் யாராவது உங்கள் ஆட்களில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தெருவில் மயங்கி விழுந்தால் யாராவது பார்ப்பார்கள். பூட்டிய அறைக்குள் யாரும் பார்க்கமாட்டார்கள். எப்போது எடுக்கிறார், அப்போது யாருக்குத் தகவல் சொல்வார், யார் கதவைத் தட்டுவார் என்பதைக் குற்றம் சாட்டாமல் அவரோடு பேசி வையுங்கள். வீடு பறிபோகும் என்ற பயம் இருந்தால் இந்தப் பேச்சே நடக்காது. உங்கள் விதி வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது, வெளியே வந்த ஐந்து பேர். அவர்களைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒரு வீடு போனால் வீடுதான் போயிற்று, உங்கள் உதவி போகவில்லை என்பதுதான் பாத்வேஸ் முறையின் உயிர்நாடி. இரண்டாவது வீட்டில் நிலைத்தவர்கள் நிறைய. ஆனால் முதல் வீட்டில் எது ஒத்துவரவில்லையோ அதை மாற்றாமல் அதே மாதிரி இன்னொரு அறை பார்த்துக் கொடுக்காதீர்கள்.

சாவி வைத்துவிட்டுப் போனவரிடம் இந்த வாரமே போங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது கணக்குக் கேட்பது போல இருக்கும். அறையில் எந்த நேரம் கழிவது கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். ராத்திரி என்றால், அடுத்த அறை ஆள் நடமாட்டமுள்ள தெருவைப் பார்த்த ஜன்னலோடு, பக்கத்து அறையில் யாராவது குடியிருக்கும் இடமாக இருக்கட்டும். ஒரு ரேடியோவும் வாங்கிக் கொடுங்கள். பகல் என்றால் அவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது. அடுத்த வீடு தேடுவதற்கு முன்பே, காலையில் எழுந்து போக ஓர் இடத்தைத் தேடுங்கள். “எல்லா நேரமும்” என்றால், இருவர் சேர்ந்து இருக்கும் வீட்டைக் காட்டுங்கள்.